குறைந்த செலவில் கார் இன்சூரன்ஸ்: எந்த இடத்தில் பேரம் பேசுவது?

பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். கார் வாங்கிய ஷோரூமிலிருந்து ஒரு குரல், வங்கியிலிருந்து ஒரு குரல், எண் எப்படிக் கிடைத்தது என்றே தெரியாத இன்னொரு குரல். “சார், ஃபுல் இன்சூரன்ஸ் முடிச்சிடலாமா?” ஒவ்வொருவர் சொல்லும் தொகையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கார் அதேதான், ஊர் அதேதான், ஓட்டுபவரும் அவரேதான். விலை மட்டும் சில ஆயிரம் ரூபாய் மேலும் கீழும் ஆடும்.

பலரும் அதில் மிகக் குறைவான தொகைக்குப் பணம் கட்டிவிட்டு, வந்த பிடிஎஃப்-ஐத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எதைக் கழற்றிவிட்டு விலையைக் குறைத்தார்கள் என்பது டிசம்பர் மழையிலோ, பைபாஸில் நடந்த ஒரு மோதலிலோதான் தெரியவரும். நியாயமாக மிச்சம் பிடிக்கச் சில இடங்கள் உண்டு. மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

பில்லை இரண்டாகப் பிரியுங்கள்

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று பேச்சுவழக்கில் சொல்வது இரண்டு காப்பீடுகளின் கூட்டு. ஒன்று தேர்டு பார்ட்டி. நம் கார் மற்றவருக்கு ஏற்படுத்தும் மரணம், காயம், சொத்துச் சேதத்துக்கானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவுப்படி இது கட்டாயம். மற்றொன்று ஓன் டேமேஜ், சுருக்கமாக ஓ.டி. நம் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் இதில் வரும். இதை வாங்குவதும் விடுவதும் நம் விருப்பம்.

தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,197 சி.சி. ஹேட்ச்பேக் ஒன்றுக்கு வரியோடு 4,031 ரூபாய் ஆகும். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதுதான் தொகை. “தேர்டு பார்ட்டியில் உங்களுக்கு மட்டும் தள்ளுபடி” என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

புதிய காருக்கு மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டியை மொத்தமாகக் கட்டச் சொல்வது எதனால் என்று பலருக்குக் கேள்வி இருக்கும். அதன் வேர் கோவையில் இருக்கிறது. சாலை விபத்தில் நொறுங்கி வருபவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2018-ல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டும் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்று உத்தரவானது. 2018 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

ஆக, பேரத்துக்கு இடமுள்ள பகுதி ஓ.டி. மட்டுமே. அதன் விலையை 2007 முதல் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. தேர்டு பார்ட்டி ஒரு நிறுவனத்திலும் ஓ.டி. வேறு நிறுவனத்திலும் வாங்க 2019 செப்டம்பர் முதல் வழி இருக்கிறது. புதுக் கார் வாங்கிய இரண்டாம் ஆண்டில் ஷோரூம் சொல்லும் நிறுவனத்திலேயே தொடர வேண்டிய கட்டாயம் கிடையாது.

படிப்படியாக வாங்குவது எப்படி?

1. பாலிசி முடிய 30 நாள் இருக்கும்போதே ஆர்.சி., பழைய பாலிசி, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பழைய பாலிசியில் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முடியும் தேதி, ஐ.டி.வி., நோ கிளெயிம் போனஸ் சதவீதம், கழிவுத் தொகை, சேர்த்திருந்த கூடுதல் காப்புகள். கடந்த ஆண்டு கிளெயிம் எடுத்தீர்களா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

2. ஐ.டி.வி.யை முதலில் முடிவு செய்யுங்கள். கார் திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ கையில் கிடைக்கும் தொகை இதுதான். தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் கழியும்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேல் வயதான காருக்கு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வார்கள்.

விலையைக் குறைத்துக்காட்டப் பலரும் கை வைப்பது இந்த இடத்தில்தான். 8 லட்சம் ரூபாய் கார் ஒன்று மூன்றாண்டைத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் கழித்தால் ஐ.டி.வி. 4.8 லட்சம். “3.8 லட்சமாகப் போடலாம், பிரீமியம் குறையும்” என்பார்கள். ஓ.டி. விகிதம் 2 சதவீதம், போனஸ் 50 சதவீதம் என்றால் வரி நீங்கலாக மிச்சம் 1,000 ரூபாய். கார் திருடுபோனால் நஷ்டம் 1 லட்சம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழுதுபார்ப்புச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். 3.8 லட்சத்துக்கு அந்த எல்லை 2.85 லட்சம். 3 லட்சம் செலவில் சரிசெய்திருக்கக்கூடிய கார், குறைத்துப் போட்ட ஐ.டி.வி.யால் கைவிட்டுப் போகும்.

3. ஒரே ஐ.டி.வி., ஒரே போனஸ், ஒரே கூடுதல் காப்புகளைச் சொல்லி நான்கு இடங்களில் விலை கேளுங்கள். ஒரு பொதுத்துறை நிறுவனம், இரண்டு தனியார் நிறுவனங்கள், ஷோரூம் என்று வைத்துக்கொண்டால் போதும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவும், நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய மூன்றும் பொதுத்துறையைச் சேர்ந்தவை. இடத்துக்கு இடம் வேறு ஐ.டி.வி. சொல்லி வாங்கிய விலைகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

4. ஷோரூம் சொல்லும் விலை அதிகமாக இருந்தால், மற்ற நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். ஷோரூமில் எடுத்தால்தான் கேஷ்லெஸ் கிடைக்கும் என்ற பயத்தைத் தூக்கி வைத்துவிடலாம். உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திருச்சியில் இருப்பவருக்குச் சென்னையில் இருக்கும் நூறு கேரேஜ்களால் பயனில்லை.

5. கழிவுத் தொகையை உயர்த்தலாமா என்று யோசியுங்கள். ஒவ்வொரு கிளெயிமிலும் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் உரிமையாளர் கையிலிருந்து போகும். இது கட்டாயக் கழிவு. இதற்கு மேல் தாமாக 2,500 ரூபாயை ஏற்றுக்கொண்டால், இந்திய மோட்டார் டாரிஃப்படி ஓ.டி.யில் 20 சதவீதம், அதிகபட்சம் 750 ரூபாய் குறையும். 15,000 ரூபாயை ஏற்றால் 35 சதவீதம், அதிகபட்சம் 2,500 ரூபாய். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெயிம் எடுக்காதவருக்கு இது நல்ல மிச்சம். அவசரத்துக்கு 15,000 ரூபாய் புரட்ட முடியாத குடும்பம் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

6. இரட்டைச் செலவுகளை வெட்டுங்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஆனால் அதே அளவுக்கு வேறு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தாலோ, உங்கள் பெயரில் உள்ள இன்னொரு வண்டிக்கு எடுத்திருந்தாலோ, அதைத் தெரிவித்து இதில் விலக்குப் பெறலாம். பல பாலிசிகளில் இது கேட்காமலேயே சேர்ந்துகொள்ளும்.

7. பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு நேராகச் செலுத்துங்கள். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் கேட்டால், எவ்வளவு பழகிய ஏஜென்டாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். போலிப் பாலிசிகள் இந்த வழியில்தான் வருகின்றன.

குறிப்பு: சொத்துச் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி வரம்பு 7.5 லட்சம் ரூபாய். அதை 6,000 ரூபாயாகக் குறைத்து 100 ரூபாய் தள்ளுபடி வாங்கும் வழி டாரிஃபில் உண்டு. அதைத் தொடாதீர்கள். ஒரு கடையின் ஷட்டர் நசுங்கினாலே 6,000 ரூபாய் போதாது.

சின்னக் கிளெயிம், பெரிய நஷ்டம்

கார் இன்சூரன்ஸில் அதிகம் வீணாகும் பணம் நோ கிளெயிம் போனஸில் போகிறது. ஓராண்டு கிளெயிம் எடுக்காமல் இருந்தால் ஓ.டி. பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். இரண்டாண்டுக்கு 25, மூன்றாண்டுக்கு 35, நான்காண்டுக்கு 45, ஐந்தாண்டுக்கு 50. ஒரு கிளெயிம் எடுத்தால் அத்தனையும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

கேட் தூணில் உரசி பம்பர் உடைந்தது, டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டாயக் கழிவு போக நிறுவனம் தருவது அதிகபட்சம் 6,000. கார்காரர் ஐந்தாவது ஆண்டில் இருக்கிறார். போனஸுக்கு முந்தைய ஓ.டி. 12,000 ரூபாய். கணக்கு எளிதாக இருக்க அந்தத் தொகை மாறாது என்று கொள்வோம். கிளெயிம் எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு முதல் 50 சதவீத போனஸில் 6,000 ரூபாய் கட்டுவார். எடுத்தால் அடுத்தடுத்த ஆண்டுகளில் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 என்று கட்டுவார். வித்தியாசம் முறையே 6,000, 3,600, 3,000, 1,800, 600. மொத்தம் 15,000, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700.

நடைமுறையில் ஐ.டி.வி. ஆண்டுதோறும் குறைவதால் இந்தத் தொகையும் ஓரளவு குறையும். ஆனாலும் 6,000 ரூபாய் வாங்குவதற்காக அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இழப்பது மாறாது. சர்வீஸ் அட்வைசர் “இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் சார்” என்று சொல்லும்போது அவர் இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்வதில்லை. கையெழுத்துப் போடும் முன் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

போனஸ் பற்றி இன்னும் மூன்று விஷயங்கள் நினைவில் இருக்கட்டும். அது காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. பழைய காரை விற்கும்போது நிறுவனத்திடம் போனஸ் சான்றிதழ் வாங்கிவைத்தால் மூன்று ஆண்டுக்குள் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 50 சதவீத போனஸ் இருந்தும் இதைக் கேட்காமல் விட்டுப் புதுக் காருக்கு முழு ஓ.டி. கட்டுபவர்கள் ஏராளம். இரண்டாவது, பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். மூன்றாவது, நிறுவனம் மாறும்போது எடுத்த கிளெயிமை மறைத்துப் போனஸ் வாங்காதீர்கள். புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். பொய் என்று தெரிந்தால் ஓ.டி. கிளெயிம் கைநழுவும்.

எந்தக் கூடுதல் காப்பு யாருக்கு?

கேட்டால் பத்துப் பதினைந்து பெயர்கள் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு போதும்.

முதலாவது, ‘பம்பர் டு பம்பர்’ என்று அழைக்கப்படும் ஜீரோ டிப்ரிசியேஷன். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இன்றைய கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். உலோகப் பாகங்களுக்கும் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். பத்தாண்டைத் தாண்டினால் பாதி போய்விடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட காருக்கு ஜீரோ டிப்ரிசியேஷன் கொடுத்த காசுக்குப் பயன் தரும். ஆண்டுக்கு எத்தனை கிளெயிம் வரை என்ற வரம்பை மட்டும் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, எஞ்சின் புரொடெக்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கார்களை மூழ்கடித்தது. அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. வெள்ளத்தில் நனைந்த சீட், வயரிங் எல்லாம் சாதாரண ஓ.டி.யிலேயே வரும். ஆனால் தண்ணீருக்குள் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை என்று நிறுவனம் வாதிடும். அந்த ஓட்டையை அடைப்பதுதான் எஞ்சின் புரொடெக்ட். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தளத்தில் கார் நிறுத்துபவர் இதை விடக் கூடாது. மலைச்சரிவில் வீடு இருப்பவருக்குத் தேவைப்படாது.

மழையில் செய்ய வேண்டியவை:

1. எச்சரிக்கை வந்ததும் காரை மேட்டுக்கு ஏற்றுங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்திவைத்தார்கள்.
2. கார் மூழ்கிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்ற ஒரு முயற்சிதான் எஞ்சினைக் கொல்வது. தண்ணீர் வடிந்த பிறகும் மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.
3. தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்று நம்பர் பிளேட்டும் தெரியும்படி படம் எடுங்கள்.
4. நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, கயிறு கட்டி இழுக்காமல் டோ வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள்.
5. மின்சாரக் கார் என்றால் நீரில் நிற்கும்போது அருகில் போகாமல் தயாரிப்பு நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள்.

‘ரிஸ்க்’ என்று ஒதுக்கப்படுபவர்களுக்கு

அமெரிக்காவில் ஓட்டுநரின் வயதும் பழைய குற்றங்களும் பிரீமியத்தைப் பல மடங்கு ஏற்றும். இந்தியாவில் காப்பீடு பெரும்பாலும் வண்டியைச் சுற்றியே இருக்கிறது. செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பொருந்தும். ஒரு நாளைக்கு அழைத்து வரும் ஆக்டிங் டிரைவரும் இதில் அடக்கம். போக்குவரத்து விதிமீறல்களுக்கு ஏற்பப் பிரீமியம் வசூலிக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பணிக்குழு 2021-ல் பரிந்துரைத்தது. ஆகவே இ-சலான்களை உடனுக்குடன் பார்த்து முடித்துவைப்பது நல்லது. இங்கே ஒருவர் ‘ரிஸ்க்’ ஆவது வேறு சில காரணங்களால்தான்.

பாலிசியை முடியவிட்டவர். இவருக்கு நேரம்தான் எதிரி. தேர்டு பார்ட்டி இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்து 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம்வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, அந்த இடைவெளியில் ஒருவர் மீது மோதினால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழுவது. இவர் அன்றைக்கே தேர்டு பார்ட்டியை மட்டும் வாங்கிவிட வேண்டும். அதற்குக் காரை நேரில் பார்க்கத் தேவையில்லை. ஓ.டி.க்கு நிறுவனம் காரின் வீடியோவோ நேரடி ஆய்வோ கேட்கும். அது முடியும்வரை காரை வீட்டிலேயே நிறுத்திவையுங்கள்.

அடிக்கடி கிளெயிம் எடுத்தவர். ஓ.டி. விலையை நிறுவனம் ஏற்றும். ஜீரோ டிப்ரிசியேஷனை மறுக்கவும் செய்யும். மறைக்காமல் நான்கைந்து இடங்களில் கேளுங்கள். இடத்துக்கு இடம் மதிப்பீடு மாறும். முதல் ஆண்டு பெரிய கழிவுத் தொகையை ஏற்று, சின்னச் சேதங்களைக் கைக்காசில் சரிசெய்து, போனஸை அடியிலிருந்து கட்டி எழுப்புங்கள்.

புதிதாக ஓட்டப் பழகுபவர். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர், ‘எல்’ போர்டு மாட்டி, உரிமம் உள்ளவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் பாலிசி செல்லும். தனியாக ஓட்டினால் செல்லாது. கல்லூரிப் பிள்ளைக்குக் கார் கொடுக்கும் வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. கார் அம்மா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகனாக இருக்கும். உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு மகனுக்குப் பொருந்தாது. அவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவையாவது முதலில் போட்டுவையுங்கள்.

18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுப்பதை எந்தப் பாலிசியும் தாங்காது. பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. காயப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாலும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். குடித்துவிட்டு ஓட்டுபவரின் சொந்தச் சேதக் கிளெயிமும் நிற்காது.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுபவர். முகூர்த்த நாளில் ஒரு சவாரி, திருப்பதிக்கு ஒரு டிரிப் என்று தொடங்குவார்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு இடமில்லை. விபத்து நடந்த அன்று காருக்குள் இருந்தவர்களின் வாக்குமூலத்திலேயே உண்மை வெளிவந்துவிடும். தொழிலாகச் செய்வதென்றால் மஞ்சள் போர்டும் அதற்குரிய பாலிசியும்தான் வழி.

கேஸ் கிட் மாட்டியவர். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் இரண்டிலும் பதிவு வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் கிளெயிம் சிக்கலாகும்.

மாற்றுத்திறனாளிகள். தாங்களே ‘ரிஸ்க்’ என்று நினைத்துத் தயங்குபவர்கள் உண்டு. தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டு ஆர்.சி.யில் அப்படிப் பதிவான காருக்கு டாரிஃப்படி ஓ.டி.யில் 50 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

பழைய காருக்கு தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

12 வயதான, ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள காருக்கு ஓ.டி. வாங்குவது பெரும்பாலும் வீண். பாகங்களுக்குப் பாதி தேய்மானமும் கட்டாயக் கழிவும் போனால் கையில் வருவது சொற்பம். ஓ.டி.யை விட்டு, அந்தப் பணத்தை பிரேக்கிலும் டயரிலும் போடுவது புத்திசாலித்தனம்.

ஆனால் ஓ.டி.யோடு சேர்ந்து வேறொன்றும் போய்விடுகிறது. காருக்குள் பயணம் செய்யும் உறவினருக்கும் நண்பருக்குமான இழப்பீட்டுப் பொறுப்பு பேக்கேஜ் பாலிசியில் அடங்கும் என்று ஐ.ஆர்.டி.ஏ. 2009-ல் சுற்றறிக்கை வெளியிட்டது. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள ‘ஆக்ட் பாலிசி’யில் அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனங்கள் வழக்காடி, பல வழக்குகளில் வென்றும் இருக்கின்றன. இப்படி ஒரு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில், புதிய வண்டிகளுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ கட்டாயம் என்று உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் சுட்டிக்காட்டப்பட்டதும் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. வாங்குபவருக்குத் தம் பாலிசியில் என்ன இல்லை என்பதே தெரிவதில்லை என்ற நீதிமன்றத்தின் கவலை மட்டும் இன்றைக்கும் தீரவில்லை.

ஆகவே தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பவர், பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பைச் சில நூறு ரூபாயில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பள டிரைவர் இருந்தால் அவருக்கான சட்டப்பூர்வப் பொறுப்பையும் சேருங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு காபிச் செலவுதான்.

பழைய கார் வாங்குபவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேர்டு பார்ட்டி தானாக மாறியதாகச் சட்டம் கருதும். ஓ.டி. அப்படி மாறாது. விற்பவருக்கும் இதில் வேலை உண்டு. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை பதிவு பெற்ற உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. “அவர் மாற்றிக்கொள்வார்” என்று நம்பி ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

பாலிசி வந்ததும்

1. எஞ்சின் எண், சேசிஸ் எண், பெயர், தேதி எல்லாம் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று அன்றே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் மின்னஞ்சலில் எழுதித் திருத்தம் வாங்குங்கள்.

2. சில நாள் கழித்து எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புது பாலிசி அங்கே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பாலிசி எண்ணைச் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

3. உரிமம் முடியும் தேதியை பாலிசி முடியும் தேதியோடு சேர்த்துப் போனில் நினைவூட்டலாக வையுங்கள். காலாவதியான உரிமம், நல்ல பாலிசியையும் வெறும் தாளாக்கிவிடும்.

4. விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவருக்கு 108-ஐ அழையுங்கள். பிறகு கார்கள் நிற்கும் நிலையில் படம் எடுங்கள். காயமோ மரணமோ இருந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது கட்டாயம். சாலையிலேயே பேசி முடித்து, ‘என் தவறுதான்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் பாகங்களைக் கழற்ற கேரேஜை அனுமதிக்காதீர்கள்.

5. கிளெயிமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் உத்தரவிட்டிருக்கிறது. சர்வேயர் அறிக்கையைப் பெறுவதும் நிறுவனத்தின் வேலைதான். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

6. பாலிசி எண், நிறுவனத்தின் கிளெயிம் எண், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உதவி எண் 155255 மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி டேஷ்போர்டுக்குள் வையுங்கள். விபத்து நடக்கும் நேரத்தில் காரில் இருப்பது நீங்களாக இல்லாமல், போனில் சார்ஜ் தீர்ந்துபோன உங்கள் மகளாகவோ ஆக்டிங் டிரைவராகவோ இருக்கலாம்.